மின்வள உரிமத்தைக் கணினி படிக்கும்படி பதிவது: பெங்களூரு நூலகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூருவில் பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, ஆய்வு நிறுவனம் என்று பல இடங்களில் வேலை பார்க்கும் தமிழ் நூலகர்கள் மின்னிதழ், மின்னூல், தரவுத்தளம் ஆகிய மின்வளங்களுக்குப் பதிப்பகங்கள் தரும் உரிமங்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உரிமத்தை ஒரு முறையாவது முழுதாகப் படிக்கும் பொறுமை இருந்தால் போதும்.

உரிமம் பிடிஎஃப் கோப்பாகக் கணினியில்தானே இருக்கிறது? "கணினி படிக்கும் உரிமம்" என்று தனியாக ஒன்று எதற்கு?

பிடிஎஃப் கோப்பைக் கணினி திறந்து காட்டும், அவ்வளவுதான். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மைசூருவிலிருந்து ஒரு கல்லூரி நூலகம் உங்களிடம் ஒரு கட்டுரை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பலாமா கூடாதா என்பது உரிமத்தின் பதினோராம் பக்கத்தில் ஏதோ ஒரு ஷரத்தில் இருக்கும். அந்தக் கோப்போ கொள்முதல் பிரிவில் ஒருவருடைய மின்னஞ்சலில் கிடக்கும். கவுண்டரில் இருப்பவர் பயந்து "முடியாது" என்பார், இல்லையென்றால் யோசிக்காமல் அனுப்பிவிடுவார். இரண்டுமே தவறாகப் போகலாம்.

கணினி படிக்கும் உரிமத்தில் அந்த ஷரத்து துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: யார், எதை, என்ன செய்யலாம், எத்தனை, எந்த வழியில், எந்த நிபந்தனையோடு, அனுமதியா தடையா. ஒவ்வொரு துண்டுக்கும் முன்பே தீர்மானித்த சொல் ஒன்று உண்டு. அப்படி இருந்தால்தான் நூலக மென்பொருள் இதழின் பெயருக்குப் பக்கத்திலேயே பதிலைக் காட்ட முடியும். நாற்பது உரிமங்களில் எவையெவை வெளியாரை அனுமதிக்கின்றன என்று ஒரே தேடலில் எடுக்கவும் முடியும்.

வாசகரின் நேரத்தைச் சேமி என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. 1962இல் இதே பெங்களூருவில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவியவரும் அவரே. உரிமத்தைப் பிரித்துப் பதியும் வேலை முழுக்க அந்த நான்காவது விதிக்குள் அடங்கிவிடும்.

இதற்கென்று தரநிலை ஏற்கெனவே இருக்கிறதா?

இருக்கிறது, ஒன்றுக்கு மேல். எது எதற்கு என்று தெரிந்தால் குழப்பம் இல்லை.

முதலில் வந்தது ஈஆர்எம்ஐ. அமெரிக்காவின் டிஜிட்டல் லைப்ரரி ஃபெடரேஷன் 2004இல் வெளியிட்ட அறிக்கை அது. மின்வள நிர்வாகத்துக்கு என்னென்ன புலங்கள் வேண்டும் என்று ஓர் அகராதியே அதில் இருக்கிறது. இன்றைய மின்வள நிர்வாக மென்பொருள்களில் உரிமப் பகுதி பெரும்பாலும் அதன் வழியில் வந்ததுதான்.

அடுத்தது ஓனிக்ஸ்-பிஎல். லண்டனில் உள்ள எடிட்டர் (EDItEUR) என்ற நூல் வணிகத் தரநிலை அமைப்பு 2008இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. இது எக்ஸ்எம்எல், அதாவது தகவலைக் குறிச்சொற்களால் பிரித்து எழுதும் வடிவம். உரிமத்தைச் சுருக்காமல், அதன் கட்டமைப்பையே அப்படியே எழுதிக்காட்ட முயல்வது.

ஓடிஆர்எல் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக 2018 பிப்ரவரியில் வந்தது. அனுமதி, தடை, கடமை என்ற மூன்றையும் வைத்து எந்த டிஜிட்டல் பொருளுக்கும் விதி எழுதலாம். நூலகத்துக்கென்றே செய்ததல்ல.

தனித்தனிக் கட்டுரைகளுக்கு, அமெரிக்கத் தகவல் தரநிலை அமைப்பான நைசோவின் 2015 பரிந்துரை உண்டு. "இலவசமாகப் படிக்கலாம்" என்ற குறியும், உரிமத்தின் இணைய முகவரியும் மட்டும்தான் அதில். கச்சிதமானது, அதனாலேயே பரவியது.

ஓனிக்ஸ்-பிஎல் கோப்புக்குள் என்ன இருக்கும்? ஒரு ஷரத்தை எடுத்துக் காட்ட முடியுமா?

இப்படி ஒரு ஷரத்து இருக்கிறது என்று கொள்வோம்: "உரிமம் பெற்றவர், தனிப்பட்ட ஆய்வுக்காகக் கேட்கும் ஒரு வாசகருக்காக, அதே நாட்டில் உள்ள இன்னொரு கல்வி நூலகத்துக்கு, ஒரு கட்டுரையின் ஒரே ஓர் அச்சுப் பிரதியை அஞ்சலிலோ தொலைநகலிலோ அனுப்பலாம், மின்கோப்பாக அனுப்பக் கூடாது."

முதல் வேலை வரையறைப் பகுதி. உரிமம் பெற்றவர் யார், கல்வி நூலகம் என்றால் எது, கட்டுரை என்றால் எது, அதே நாடு என்றால் எந்த நாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுத்து எழுதிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு நேரே பயன்பாட்டுப் பகுதிக்குப் போனால், பாதியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பிறகு பயன்பாட்டுப் பகுதி. மேலே உள்ள ஒரே வாக்கியம் இங்கே இரண்டு பதிவாகும். முதல் பதிவில் பயன்படுத்துபவர் உரிமம் பெற்றவர், செயல் பிரதி வழங்குதல், பொருள் கட்டுரை, அளவு 1, பெறுபவர் கல்வி நூலகம், இடம் அதே நாடு, வழி அஞ்சல் அல்லது தொலைநகல், நோக்கம் தனிப்பட்ட ஆய்வு, நிலை அனுமதி. இரண்டாவது பதிவில் செயலும் பொருளும் பெறுபவரும் அவையே, வழி மட்டும் மின்கோப்பு, நிலை தடை.

கடைசியாக, இரண்டு பதிவுகளிலிருந்தும் மூல ஷரத்துக்கு ஒரு சுட்டி. ஓனிக்ஸ்-பிஎல் கோப்பிலேயே உரிமத்தின் சொற்களைச் சேர்த்துவைக்க இடம் உண்டு. இந்தச் சுட்டியை விடவே விடாதீர்கள். ஐந்து வருடம் கழித்து "இதற்கு ஏன் தடை என்று போட்டிருக்கிறது?" என்று வேறொருவர் கேட்கும்போது பதில் சொல்லப்போவது அதுதான்.

பயன்பாட்டைத் தவிர, வழங்கல் விதிகள், சந்தா முடிந்த பிறகு தொடரும் அணுகல், கட்டணம், பொது விதிகள் என்று தனித்தனிப் பகுதிகளும் உண்டு.

இவ்வளவு நல்ல தரநிலை என்றால், பதிப்பகங்கள் ஏன் உரிமத்தோடு சேர்த்து அந்தக் கோப்பைத் தருவதில்லை?

மூன்று காரணங்கள். ஒரு வாக்கியமே இரண்டு மூன்று பதிவாகும்போது முழு உரிமத்தையும் குறியிடச் சட்டமும் தெரிந்த, எக்ஸ்எம்எல்லும் தெரிந்த ஆள் வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று தீரவே இல்லை. இரண்டாவது, பெரும்பாலான நிர்வாக மென்பொருள்கள் ஒரு விதிக்கு ஒரு புலம் என்ற தட்டையான அமைப்பில் ஓடுகின்றன. ஆழமான கோப்பைக் கொடுத்தாலும் அவை மேலோட்டமாகத்தான் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது சட்டப் பிரிவின் தயக்கம். ஒப்பந்தத்தில் வேண்டுமென்றே மங்கலாக விட்ட இடத்தைக் குறியீட்டில் தெளிவாக்கினால், நாளை அதுவே தங்களைக் கட்டுப்படுத்துமோ என்ற பயம்.

பிரிட்டனில் கல்வி நிறுவனங்களுக்காக மின்வள உரிமம் பேசும் ஜிஸ்க் அமைப்பு தன் உரிமங்களைக் குறியிட்டது. நைசோவும் மெலன் அறக்கட்டளை நிதியில் மாதிரி உரிமங்கள் பலவற்றைக் குறியிட்டது. அதற்கு அப்பால் பெரிதாகப் பரவவில்லை.

அதனால் எங்கள் ஆலோசனை இதுதான்: முழு எக்ஸ்எம்எல் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். ஆனால் அது கற்றுக்கொடுக்கும் மூன்று பழக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வரையறு, விதிக்கு ஒரு பதிவு போடு, ஒவ்வொரு பதிவோடும் மூலச் சொற்களை வை. அட்டவணையிலோ மென்பொருளிலோ இப்படிப் பதிந்துவைத்தால், பின்னாளில் எந்த வடிவத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

அனுமதி உண்டு, இல்லை என்று இரண்டு மதிப்பு போதாதா?

போதாது. இந்த வேலையில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான்.

ஈஆர்எம்ஐ அகராதி ஆறு மதிப்புகளைத் தருகிறது: வெளிப்படையான அனுமதி, அனுமதி என்று நாம் பொருள்கொண்டது, வெளிப்படையான தடை, தடை என்று நாம் பொருள்கொண்டது, மௌனம், பொருந்தாது. ஓனிக்ஸ்-பிஎல்லிலும் இதே ஆறு வகை வரும்.

மௌனம் என்பதை உணர்ந்து பயன்படுத்த வேண்டும். உரிமம் பாடத்தொகுப்பைப் பற்றி (வகுப்புக்காகப் பல கட்டுரைகளைத் தொகுத்துத் தருவது) ஒரு சொல்லும் சொல்லவில்லை என்றால் அது தடை ஆகாது, அனுமதியும் ஆகாது. அதை அப்படியே "மௌனம்" என்று போடுங்கள். பிறகு நூலகத் தலைவரோ சட்ட ஆலோசகரோ உட்கார்ந்து முடிவெடுத்தால், "அனுமதி என்று பொருள்கொண்டது" என்று மாற்றி, முடிவெடுத்தவர் பெயரையும் தேதியையும் உள்குறிப்பில் எழுதுங்கள். பொருள்கொண்டது நம் கருத்து. வெளிப்படையானது ஒப்பந்தத்தின் சொல். இரண்டையும் கலந்துவிட்டால் பதிவின் மதிப்பே போய்விடும்.

இந்த ஆறோடு ஏழாவதாக ஒன்றை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்: "இன்னும் படிக்கவில்லை." காலிக் கட்டத்தைப் பார்த்தால் உரிமம் மௌனமாக இருக்கிறதா, நாம் அந்தப் பக்கம் வரை வரவில்லையா என்று யாருக்கும் தெரியாது. காலிக் கட்டமே இருக்கக் கூடாது என்பதை விதியாக வையுங்கள்.

எந்த விதிகளிலிருந்து தொடங்குவது? ஈஆர்எம்ஐ பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். கவுண்டரில் கேட்கப்படும் கேள்விகளுக்கும், புதுப்பிக்கும் நேரத்தில் தேவைப்படும் கேள்விகளுக்கும் பதில் தருபவை போதும்.

வாசகர் பக்கம்: அனுமதி பெற்ற பயனர் யார்; நேரில் வரும் வெளியார் பயன்படுத்தலாமா; வளாகத்துக்கு வெளியிலிருந்து அணுகலாமா; ஒரே நேரத்தில் எத்தனை பேர்; அச்சிடலாமா, தரவிறக்கலாமா; பாடத்தொகுப்பில் சேர்க்கலாமா, கற்றல் தளத்தில் கோப்பாக ஏற்றலாமா அல்லது இணைப்பு மட்டும் தரலாமா; நூலகங்களுக்கிடையே அச்சாக, மின்கோப்பாக அனுப்பலாமா; பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு மாற்று வடிவம் செய்யலாமா; உரை, தரவு அகழாய்வு (ஏராளமான கட்டுரைகளைக் கணினியால் அலசித் தகவல் எடுப்பது) செய்யலாமா.

நிர்வாகப் பக்கம்: நிரந்தர அணுகல் உரிமை, மீறல் நடந்தால் திருத்திக்கொள்ளத் தரும் கால அவகாசம், ரத்து அறிவிப்புக்கு எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும், தானாகப் புதுப்பிக்குமா, எந்த நாட்டுச் சட்டம், ரகசியக் காப்பு ஷரத்து.

மின்கோப்பாக அனுப்புவதில் ஒரு நுணுக்கம். பழைய உரிமங்களில் "பாதுகாப்பான மின்பரிமாற்றம்" என்று ஒரு சொல் வரும். ஏரியல் என்ற பழைய மென்பொருளையோ அதற்கு நிகரானதையோ குறிப்பிட்டு, அச்சிட்டவுடன் கோப்பை அழிக்க வேண்டும் என்று நிபந்தனையும் இருக்கும். அது சாதாரண மின்னஞ்சல் இணைப்பு ஆகாது. மின்கோப்பு, பாதுகாப்பான மின்பரிமாற்றம் இரண்டுக்கும் தனித்தனிப் புலம் வையுங்கள்.

கோஹா நூலக மென்பொருளில் பதிய முடியுமா? அட்டவணை போதுமா?

இரண்டும் நடக்கும். கோஹாவில் 22.11 பதிப்பிலிருந்து மின்வள நிர்வாகப் பகுதி இருக்கிறது. அமைப்பு விருப்பங்களில் ஈஆர்எம் மாட்யூலைத் தேடி இயக்கினால் பட்டியலில் தோன்றும். அதில் ஒப்பந்தம் வேறு, உரிமம் வேறு. ஒப்பந்தத்தில் காலப் பகுதிகளைச் சேர்த்து, ரத்து செய்யக் கடைசித் தேதியையும் பதியலாம். உரிமத்தில் விற்பனையாளர், வகை, நிலை, தொடக்க, முடிவுத் தேதி, ஆவணக் கோப்பு ஆகியவை உண்டு. பிறகு உரிமத்தை ஒப்பந்தத்தோடு இணைக்கும்போது அது இப்போது செல்லுபடியாவதா, இனி வரப்போவதா, பழையதா என்று குறிக்க வேண்டும். செல்லுபடியாகும் உரிமம் ஒன்றுதான் இருக்கலாம். பலர் புது உரிமத்தைச் சேர்த்துவிட்டுப் பழையதின் நிலையை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

கோஹாவின் அடிப்படைப் புலங்கள் உரிமத்தை அடையாளம் காட்டுபவை. மேலே சொன்ன விதிகளை ஒவ்வொன்றாகப் பதிய ஒரு துணை அட்டவணை வைத்துக்கொள்வது நல்லது. ஃபோலியோ மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை; அதன் உரிமப் பகுதியில் விதிகளை நீங்களே உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் உள்குறிப்பும் வெளிக்குறிப்பும் தனித்தனியாக எழுதலாம்.

அட்டவணை போடுவதாக இருந்தால் உரிமத்துக்கு ஒரு வரிசை, விதிக்கு ஒரு நெடுவரிசை என்று போடாதீர்கள். அப்படிப் போட்டால் ஷரத்து எண்ணையும் மூலச் சொற்களையும் எங்கே எழுதுவது? ஒவ்வொரு உரிமத்தின் ஒவ்வொரு விதிக்கும் தனி வரிசை போடுங்கள். நெடுவரிசைகள் ஒன்பது: உரிம எண், விதி, மதிப்பு, ஷரத்து எண், ஷரத்தின் சொற்கள் அப்படியே, உள்குறிப்பு, வாசகருக்கான குறிப்பு, படித்தவர், படித்த தேதி. நாற்பது உரிமம், பதினைந்து விதி என்றால் 600 வரிசை. வடிகட்டியைப் போட்டால் வேண்டியது நொடியில் வந்துவிடும்.

எக்செல்லில் ஒரு பொறி இருக்கிறது. ஷரத்து எண் 3.10 என்று தட்டினால் அது 3.1 ஆகிவிடும், 3-10 என்று தட்டினால் தேதியாக மாறும். ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது அது வேறு ஷரத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். தொடங்குவதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மதிப்பு நெடுவரிசைக்குக் கீழிறங்கு பட்டியல் வையுங்கள். "அனுமதி", "அனுமதி உண்டு", "ஆம்" என்று மூவர் மூன்று விதமாக எழுதினால் வடிகட்டி வேலை செய்யாது.

பதியும் வரிசை என்ன?

கையெழுத்தான பிரதியை முதலில் கண்டுபிடியுங்கள். பல நூலகங்களில் இருப்பது பேச்சுவார்த்தையின்போது வந்த வரைவு மட்டுமே. அதன்பின் இணைப்புகள், திருத்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே உரிம எண்ணின் கீழ் கொண்டுவாருங்கள். விலைப் பட்டியலில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். அதுவும் ஒப்பந்தத்தில் சேர்த்திதான்.

பிறகு வரையறைப் பகுதியை மட்டும் படித்து எழுதுங்கள். அடுத்து அனுமதிகள், அடுத்து தடைகள். தடைப் பகுதியைப் படித்துவிட்டு அனுமதிப் பகுதிக்கு ஒரு முறை திரும்பிப் போக வேண்டும், ஏனென்றால் முன்னால் கொடுத்ததைப் பின்னால் பாதி எடுத்துக்கொள்ளும் உரிமங்கள் நிறைய. கடைசியில் இன்னொருவர் ஐந்து விதிகளைத் தற்செயலாக எடுத்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். முதல் உரிமத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அதே பதிப்பகத்தின் அடுத்த உரிமம் வேகமாகப் போகும்.

"அனுமதி பெற்ற பயனர்" என்ற வரையறையில் என்ன சிக்கல் வரும்?

முன்னாள் மாணவர், வருகைப் பேராசிரியர், ஒப்பந்த ஊழியர், இணைந்த மருத்துவமனையின் மருத்துவர் ஆகியோர்தான் சிக்கல். "ஆசிரியர், மாணவர், ஊழியர்" என்று மட்டும் இருந்தால் மருத்துவமனையில் பணியாற்றும், ஆனால் கல்லூரிச் சம்பளம் வாங்காத மருத்துவர் எங்கே வருவார்? ஒவ்வொரு வகையினரையும் தனித்தனியாக எழுதி மதிப்புப் போடுங்கள்.

இடமும் அப்படித்தான். ஜெயநகரில் ஒரு வளாகம், எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்னொன்று என்று இருக்கும் நிறுவனங்களில், உரிமம் "ஒரே தளம்" என்பதை எப்படி வரையறுக்கிறது என்று பாருங்கள். நகரத்தை வைத்து வரையறுத்தால் இரண்டும் ஒன்று. நிர்வாகத்தை வைத்து வரையறுத்தால் தனி முதல்வர் உள்ள வளாகம் வேறு தளம். வளாகக் கணினிகளின் ஐபி முகவரிகளைப் பதிப்பகத்திடம் கொடுத்துவிட்டதாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. தொழில்நுட்பம் திறந்துவிடும் கதவை ஒப்பந்தம் மூடியிருக்கலாம்.

எங்களுக்குப் பல கல்லூரிகளுக்குச் சேர்த்து வாங்கும் கூட்டமைப்பு வழியாகத்தான் எல்லாம் வருகிறது. கையில் உரிமமே இல்லையே?

கர்நாடகத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கு விடியூ (விசுவேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கூட்டமைப்பு, ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளுக்கு ஹெலிநெட். மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும் 2025 ஜனவரி 1 முதல் "ஒரே நாடு ஒரே சந்தா" நடக்கிறது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். ஒருங்கிணைப்பது காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக மானியக் குழுவின் மையமான இன்ஃப்லிப்நெட். தனியார் கல்லூரிகள் இந்த முதல் கட்டத்தில் இல்லை.

கையெழுத்திடுவது கூட்டமைப்பு, விதிகளுக்குக் கட்டுப்படுவது நீங்கள். அதனால் உறுப்பினருக்குப் பொருந்தும் விதிகளை எழுத்தில் கேளுங்கள். முழு ஒப்பந்தத்தைத் தர மறுத்தால், மேலே சொன்ன பதினைந்து விதிகளையும் கேள்வியாக அனுப்பிப் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் கடிதத்தையே மூலச் சொற்களாகப் பதியலாம். பதில் வராதவற்றுக்கு "இன்னும் படிக்கவில்லை" என்ற மதிப்பு அப்படியே இருக்கட்டும்.

ஒரே இதழ் கூட்டமைப்பு வழியாகவும் தனிச் சந்தா வழியாகவும் வந்தால், இரண்டு உரிமத்தையும் பதிந்து, எந்த வழியாக வாசகர் நுழைகிறாரோ அதன் விதியைக் காட்டுங்கள். இரண்டில் தாராளமானதைக் காட்டிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

திடீரென்று வளாகம் முழுவதற்கும் அணுகல் நின்றுபோனது. உரிமப் பதிவு அங்கே எப்படி உதவும்?

பெரும்பாலும் காரணம், யாரோ ஒருவர் தரவிறக்க மென்பொருளை ஓட்டி ஓர் இதழின் மொத்தத் தொகுதிகளையும் இறக்கியிருப்பார். விடுதியும் ஆய்வகமும் வகுப்பறையும் ஒரே பொது ஐபி முகவரியின் பின்னால் இருப்பதால், பதிப்பகத்தின் கண்ணில் எல்லாரும் ஒருவரே. அந்த முகவரியை மூடினால் எல்லாருக்கும் மூடும்.

அப்போது பதிவில் பார்க்க வேண்டியவை மூன்று: முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டா, திருத்திக்கொள்ள எத்தனை நாள் அவகாசம், "திட்டமிட்ட பெருந்தரவிறக்கம்" என்பதற்கு எண் ஏதும் சொல்லியிருக்கிறதா. 30 நாள் அவகாசம் என்று இருக்கும் உரிமத்தில்கூட, அவசர நிறுத்தத்துக்குத் தனி ஷரத்து இருக்கலாம். இரண்டையும் தனிப் புலத்தில் வையுங்கள். ப்ராக்ஸி (வாசகர்களைப் பதிப்பகத் தளத்துக்கு அனுப்பும் இடைச் சேவையகம்) பதிவேட்டில் நேரத்தை வைத்துப் பயனரைக் கண்டுபிடித்து, எடுத்த நடவடிக்கையை ஷரத்து எண்ணோடு எழுதி அனுப்பினால் அணுகல் திரும்புவது விரைவாகும்.

சந்தாவை நிறுத்திவிட்டால் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் என்னாகும்?

"நிரந்தர அணுகல்: உண்டு" என்று ஒரே சொல்லில் பதிந்தால் பயனில்லை. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தத் தளத்தில், ஆண்டுக் கட்டணம் உண்டா, பதிப்பகத் தளத்தில் தராவிட்டால் கோப்புகளாகத் தருவார்களா, லாக்ஸ், போர்ட்டிகோ போன்ற காப்பகம் வழியாகவா என்று ஐந்து பதிவு வேண்டும். சந்தாவோடு சலுகையாக வந்த பழைய தொகுதிகளுக்குப் பொதுவாக இந்த உரிமை வராது. ஓர் இதழ் இன்னொரு பதிப்பகத்துக்குக் கைமாறும்போது, நீங்கள் பணம் கட்டியதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். பழைய விலைப்பட்டியல்களை உரிமக் கோப்போடு சேர்த்து வையுங்கள். கணக்குப் பிரிவை நம்பி இருக்க வேண்டாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிப்பதை உரிமம் தடுக்க முடியுமா?

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு பல விலக்குகளைத் தருகிறது. ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான பயன்பாடு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுப்பது, 2012 திருத்தத்தில் வந்த மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவ மாற்றம் ஆகியவை அவற்றில் சில. பாடத்தொகுப்பு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் கற்பித்தல் விலக்குக்கு விரிவான பொருள் தந்தது. ஆனால் அது அச்சு நூல்களை நகலெடுத்தது பற்றிய வழக்கு. அங்கே கையெழுத்திட்ட உரிமம் என்று ஒன்று இல்லை.

பிரிட்டனின் சட்டத்தில், வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கான உரை, தரவு அகழாய்வைத் தடுக்கும் ஒப்பந்த ஷரத்து செல்லாது என்று 2014இலிருந்து எழுதியே இருக்கிறது. 52ஆவது பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை. எனவே கையெழுத்திடும் முன்பே ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்: "இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தரும் உரிமை எதையும் இந்த ஒப்பந்தம் குறைக்காது." இந்த வரி இருக்கிறதா என்பதற்கே ஒரு புலம் வையுங்கள். இருந்தால், மௌனமாக உள்ள பல விதிகளுக்குத் துணிந்து பொருள்கொள்ளலாம். எந்த நாட்டுச் சட்டம் என்ற புலத்தையும் சேர்த்தே பாருங்கள்; வெளிநாட்டுச் சட்டம் என்றிருந்தால் சட்ட ஆலோசகரைக் கேட்காமல் பொருள்கொள்ள வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய ஷரத்துகளை எப்படிப் பதிவது?

அகழாய்வுப் புலத்துக்குள் திணிக்காதீர்கள். புது உரிமங்களில் குறைந்தது மூன்று வேறு செயல்கள் வருகின்றன: செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிப்பது, வாசகர் ஒரு கட்டுரையைப் பொதுக் கருவியில் ஏற்றிச் சுருக்கம் கேட்பது, நிறுவனத்தின் உள்ளேயே மூடிய கருவியில் பயன்படுத்துவது. ஒன்றுக்குத் தடை இருந்தால் மற்றவற்றுக்கும் தடை என்று ஆகாது. "செயற்கை நுண்ணறிவுக் கருவி எதிலும்" என்று ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் ஷரத்தைக் கண்டால் கையெழுத்துக்கு முன்பே திருத்தக் கேளுங்கள். இலக்கணத் திருத்தக் கருவியும் திரைவாசிப்பானும்கூட அதில் மாட்டலாம்.

உரிமத்தையே ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லலாமா?

ரகசியக் காப்பு ஷரத்தை முதலில் படியுங்கள். விலையும் விதியும் ரகசியம் என்றிருந்தால் பொதுக் கருவியில் ஏற்றுவதே மீறல். உள்ளே ஓடும் கருவி இருந்தால் முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு மதிப்புக்கும் ஷரத்தின் சொற்களை அப்படியே எடுத்துத் தரச் சொல்லி, அவை மூலத்தில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். மௌனமாக உள்ள இடங்களில் இக்கருவிகள் அனுமதி என்றோ தடை என்றோ நிரப்பிவிடுவது வழக்கம்.

திறந்த அணுகல் கட்டுரைகளுக்கும் இதே வேலை செய்ய வேண்டுமா?

வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் சட்ட வடிவம், எளிய விளக்கம், கணினி படிக்கும் வடிவம் என்று மூன்று அடுக்காகவே வருகின்றன. பதிப்பகங்கள் கட்டுரை விவரங்களைப் பதியும் கிராஸ்ரெஃப் தளத்தில் ஒரு கட்டுரையின் டிஓஐ எண்ணை (அதன் நிரந்தர அடையாள எண்) கொடுத்தால், பதிப்பகம் பதிந்திருக்கும் பட்சத்தில் உரிம முகவரியும், அது எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பதிப்புக்கு என்பதும் கிடைக்கும். தேதியைக் கவனியுங்கள், அது எதிர்காலத்தில் இருந்தால் கட்டுரை இன்னும் திறக்கவில்லை. முகவரி இருப்பதாலேயே திறந்த உரிமம் என்றும் எண்ணிவிடாதீர்கள். பதிப்பகத்தின் சொந்த உரிமப் பக்கத்துக்கும் அது போகலாம்.

சிறிய பதிப்பகம் ஒன்றிடம் உரிமமே இல்லை என்கிறார்கள்.

நைசோவின் செரூ என்ற பொதுப் புரிதல் அதற்குத்தான் இருக்கிறது. 2008இல் வந்து 2012இல் விரிவாக்கப்பட்டது. உரிமத்துக்குப் பதில் இரு தரப்பும் அதை ஏற்பதாகக் கொள்முதல் ஆணையில் ஒரு வரி எழுதினால் போதும். பதிவில் செரூவை ஓர் உரிமம் போல ஒரு முறை பதிந்து, அதை ஏற்கும் எல்லா வளங்களோடும் இணைத்துவிடுங்கள்.

வாசகருக்கு எதைக் காட்டுவது?

ஆறு மதிப்புகளையும் அல்ல. "அச்சிடலாம். வகுப்புக்கு இணைப்பை அனுப்பலாம். கோப்பை ஏற்றக் கூடாது. வேறு நூலகத்துக்கு அச்சுப் பிரதி வேண்டுமானால் கவுண்டரில் கேளுங்கள்." இப்படி நான்கு வரி, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும், வாசகர்கள் இருந்தால் தமிழிலும். மௌனமாக உள்ள விதிக்கு "நூலகரைக் கேளுங்கள்" என்று மட்டும் போடுங்கள். "அனுமதி என்று பொருள்கொண்டது" என்ற மதிப்பும் அதன் காரணமும் நூலகத்துக்குள்ளேயே இருக்கட்டும். நாளை ஒரு தகராறு வந்தால் அது நம் உள்விவாதம்.

எப்போதெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும்?

புதுப்பிக்கும்போது, திருத்தக் கடிதம் வரும்போது, புது வளாகமோ புதுப் படிப்போ தொடங்கும்போது. "விதிகளை எங்கள் இணையதளத்தில் மாற்றுவோம்" என்று எழுதியுள்ள உரிமங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப்பாகச் சேமித்து முந்தையதோடு ஒப்பிடுங்கள். ரத்து அறிவிப்பு 60 நாள் முன்னால் என்றால், 90 நாள் முன்னால் நினைவூட்டல் வையுங்கள். டிசம்பர் 31இல் முடியும் சந்தாவுக்கு அது அக்டோபர் முதல் வாரம், தசரா விடுமுறையை ஒட்டி வரும். அதனால் செப்டம்பர் கடைசியிலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.